சுவரில் தட்டியவர்

எட்டு வருடங்களுக்கு முன்பு, வட்டவளைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. அந்த வயதில் தோட்டத்து ஆம்பளைகள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். நான் மோர்ஸ் தந்தி படிக்கத் தொடங்கியிருந்தேன்.

தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தை அரைத்துக் காய வைக்கும் ஆலையில், எனக்கு இஞ்சின் ரூம் வேலை. எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது, நின்றுபோன இஞ்சினைப் பார்த்து "ம்ம்" என்று தலையாட்டுவது. இந்த மூன்றில் கடைசி வேலையில்தான் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரை நம்பி ஒருநாள் சின்னத்துரை என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார். தோட்டத்தின் இரண்டாவது வெள்ளைக்காரத் துரை அவர். முற்றத்தில் ஒரு நீளக் கம்பம் நட வேண்டும், அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும் என்றார்.

கட்டி முடித்ததும் ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தேன். மேசையில் ஒரு பெட்டி, அதற்குள் சிவப்பாக எரியும் பல்புகள். துரை ஒரு சின்னத் தட்டுக்கட்டையை விரலால் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பெட்டி பதிலுக்குக் கீச்சுக் கீச்சென்றது. துரை காகிதத்தில் எழுதிக்கொண்டே, ஆஸ்திரேலியாவில் ஒரு ஆள் பேசுகிறான், அங்கேயும் மழையாம் என்றார்.

அங்கேயும் மழையாம். அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போகவே லீவு கேட்டுக் கைகட்டி நிற்கிற ஆள் நான். கடலுக்கு அப்பால் இருக்கிற முகம் தெரியாத ஒருவனிடம் "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்க மனுஷனால் முடியுமா? முடியுமென்றால் என்னால் ஏன் முடியக்கூடாது?

அடுத்த வருடம் துரை சீமைக்குத் திரும்பினபோது, கம்பம் நட்ட ஞாபகத்தில் எனக்கு மூன்று சாமான்கள் கொடுத்தார். அந்தத் தட்டுக்கட்டை, மோர்ஸ் பழகுவதற்கான மின்சார மணி ஒன்று, அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். புத்தகத்தில் படங்கள் நன்றாகப் புரிந்தன. படங்களுக்குக் கீழே இருந்த எழுத்துதான் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது. ஆனாலும் முக்கியமானதைக் கண்டுபிடித்துவிட்டேன். அமெச்சூர் ரேடியோக்காரன் ஆக வேண்டுமானால் கொழும்பில் பரீட்சை எழுத வேண்டும். புள்ளியும் கோடுமாகப் பிழையில்லாமல் தட்டிக் காட்ட வேண்டும். லைசன்ஸ் கிடைத்த பிறகுதான் வானத்தில் பேசலாம். அதுவரை மணியை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. ஒரே நீளத் தகரக் கூரை. நடுவில் சுவர்கள் மட்டும்தான். சுவரோரம் பலகை போட்டு மணியை வைத்தேன். பேட்டரிக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டினேன். புத்தகத்துப் படத்தில் ஒரு கம்பி மேலே போனது. எதற்காகப் போனது என்று கீழே எழுதியிருந்தது. அதுதான் எனக்குப் புரியாத பகுதி. படத்தில் போனால் நமக்கும் போகட்டும் என்று மணியிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுபோய்க் கூரைத் தகரத்தில் இறுக்கி முறுக்கினேன். கட்டையை அழுத்தினால் மணி "ஸ்ர்ர்" என்று இரைந்தது. எனக்கு அது வீணை. என் வீட்டுக்காரிக்கு வேறு மாதிரி.

"ஏங்க, மரங்கொத்தி வீட்டுக்குள்ள வந்துருச்சா?" என்பாள். "இன்னும் கொஞ்சம் நல்லாக் கொத்துனா செவுரு அந்தப் பக்கம் போயிரும்."

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் ஸ்டோரில் உலை அடுப்பு பார்க்கிறவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். அவருக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளை வளர்த்து, பட்டிப்பொல ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்.

லயத்தில் ரேடியோ இருந்தது அவரிடம் மட்டும்தான். பெரிய பேட்டரி ரேடியோ. அதன் ஏரியல் கம்பியையும் அவர் அதே தகரக் கூரையில்தான் மாட்டியிருந்தார். பாட்டு வந்தால் லயமே அவர் வாசலில் உட்கார்ந்து கேட்கும். அவர் மட்டும் பாட்டுக்கு உட்காரமாட்டார். இறந்தவர் பெயரையும் அடக்க நேரத்தையும் வாசிக்கிற மரண அறிவித்தல் வருகிற நேரத்துக்கு எங்கிருந்தாலும் வந்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொள்வார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னண்ணே, ஊரெல்லாம் பாட்டுக் கேக்க ரேடியோ வாங்குது. நீங்க சாவு கேக்க வாங்கியிருக்கீங்க" என்று ஒருநாள் சொன்னேன். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாட்டு எங்கயும் போயிராது தம்பி" என்றார் அவர்.

பிறகு அடுப்படியில் தனியாக இருந்தபோது அவரே சொன்னார். தங்கச்சிக்கு நெஞ்சு வருத்தம். டாக்டர் கைவிரித்துவிட்டார். தோட்டத்துக்குத் தபால் பை சனி, ஞாயிறில் வராது. அதனால் மச்சானிடம் "ஏதாச்சும் ஒண்ணுன்னா ரேடியோவுல சொல்லிருங்க, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஆக, எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து அவர் என் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க தட்டுறப்ப என் ரேடியோ கொரகொரங்குது" என்றார்.

அன்றைக்கு நான் நடத்திய பிரசங்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "அண்ணே, உங்க ரேடியோவுக்கும் என் மிசினுக்கும் நடுவுல கம்பி இருக்கா? இல்ல. அப்புறம் எப்புடிச் சத்தம் வரும்? இது அனுப்புற மிசினே கெடையாது, வெறும் மணி. அனுப்புறதுக்கு கவர்மெண்டு லைசன்ஸ் வேணும். லைசன்ஸ் இல்லாம சத்தம் எப்புடி வெளிய போகும்?"

"அப்ப அந்தக் கொரகொரப்பு?"

"மலையில மேகம் எறங்குதுல்ல. அதான்."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியே நானும் பார்த்திருந்தால், என் கம்பி தகரத்தில் முறுக்கியிருப்பது தெரிந்திருக்கும். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பினாரா என்று.

"நீங்க படிச்சவங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர். அன்றைக்கு நான் ஒரு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லை. காலையிலிருந்து தூறல். பகல் நேரத்தில் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் பத்து நிமிடம் தொடர்ந்து தட்ட வேண்டும், நடுவில் எது நடந்தாலும் நிறுத்தக்கூடாது என்று எனக்கு நானே சபதம். தட்டியது என்னவென்றால், ரேடியோக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற பொது அழைப்பு. "யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? கேட்டால் பதில் சொல்லுங்கள்." இதுதான் அதன் அர்த்தம். அதையே திரும்பத் திரும்ப அனுப்பினேன்.

பாதியில் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. தட், தட், தட்.

"பாத்தியா! அண்ணன் பதில் அனுப்புறாரு" என்றேன்.

"எதுக்குத் தட்டுறாருன்னு போய்க் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி.

"இப்ப எந்திரிச்சா எல்லாம் போச்சு. மொதல்ல இருந்து தட்டணும்."

மறுபடியும் சுவர் அதிர்ந்தது. இந்தத் தடவை கட்டையால் இடிப்பது போல. அந்தப் பக்கமிருந்து என்னமோ சத்தம் போட்டார். தகரத்தில் மழை விழுகிற இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் வலது கையை நிறுத்தாமல், இடது கையால் சுவரில் பதிலுக்குத் தட்டினேன். டொக், டொக். எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு சுவரில் சத்தம் இல்லை. நான் பத்து நிமிடமும் முடித்தேன். ஒரு பிழை இல்லை.

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் வாசலில் குந்தியிருந்தார். உள்ளே ரேடியோவில் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே, நீங்களும் நல்லாத்தான் தட்டுறீங்க" என்றேன்.

"அறிவித்தல் முடிஞ்சிருச்சு தம்பி."

"நமக்கு வேண்டியவங்க யாராச்சுமா?"

"தெரியல" என்றார். கோபம் இல்லாத குரல். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிபோல அவருக்கு ஆபீசிலிருந்து ஒரு தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக இஞ்சின் ரூமுக்கு வந்தார். படித்தவன் நான்தானே. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். தங்கச்சி சனிக்கிழமை ராத்திரி இறந்துவிட்டாள். அடக்கம் திங்கள் காலை. ரேடியோவில் சொன்னோம். கோடிக்காகக் காத்திருக்கிறோம்.

ரேடியோ என்ற சொல்லை வாசிக்கும்போது என் நாக்கு ஒரு நொடி நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அந்த ஒரு சேலை வந்துவிடும். வராவிட்டால் அவளுக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். இந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடென்று உலகத்தில் இருந்தது, என் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா ஒன்றுதான்.

புதன்கிழமை திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். வட்டவளைக் கடையில் சுற்றிக் கொடுத்த பேப்பரும் கட்டின நூலும் அப்படியே இருந்தன. துக்கம் விசாரிக்கப் போனேன். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு நாலு எட்டு, அதற்குள் என்ன பேசுவதென்று யோசித்தேன்.

அவரே சொன்னார். ஞாயிறு சாயந்தர ரயிலைப் பார்த்திருக்கிறார்கள். திங்கள் காலை ரயிலையும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. கடைக்குச் சாமான் போடுகிற யாரோ ஒருவர், பாவம் பார்த்து அண்ணன் ஸ்தானத்தில் நின்று ஒரு சேலை போட்டிருக்கிறார். இவர் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

"ரேடியோவுல அடுத்தடுத்து ரெண்டு தடவ சொன்னாங்களாம் தம்பி. அண்ணன் கோடியோட உடனே வரணும்னு. ரேடியோ கொரகொரன்னுச்சுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. தண்ணியப் போட்டுட்டுப் படுத்திருப்பான்னு என் காதுபடவே பேசுனாங்க." ஆயுசில் ஒரு சொட்டு குடிக்காத மனுஷன் அவர். "மச்சான் மூஞ்சி குடுக்கல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னுட்டாரு."

"அண்ணே, ரேடியோவப் போடுங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி, "கட்டைய அமுக்கு!" என்று வீட்டுக்காரிக்குக் குரல் கொடுத்தேன்.

ரேடியோவில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி அவர் இல்லை. காம்பரா முழுக்க ஒரே இரைச்சல், எறும்பு நுழைய இடமில்லாமல். "விடு!" என்றேன். செய்தி வாசிப்பவர் திரும்ப வந்தார். "அமுக்கு!" மறுபடி காணாமல் போனார். "போதும், விடு!" என்றேன். என் வீணையை முதல் தடவையாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். வானத்தில் பேச ஆசைப்பட்டவன், லைசன்ஸ் இல்லாமலேயே இத்தனை மாதமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அவர் ரேடியோவை அணைத்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு என்னத்தத் தட்டுனீங்க தம்பி?"

"யாராச்சும் கேக்குறீங்களா, கேட்டா பதில் சொல்லுங்கன்னு..."

அவர் தலையை ஆட்டினார். "நான் செவுத்துல தட்டுனேனே" என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பேன்.

"கருமாதிக்கு நானும் வர்றேன்" என்றேன்.

"என்னையே வராதன்னுட்டாங்க."

"அதுக்குத்தான் வர்றேன்."

பதினாறாம் நாள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். அவர் மடியில் அந்தப் பொட்டலம். என் மடியில் மணியும் கட்டையும் பேட்டரியும் இருந்த பை. பட்டிப்பொலவில் இறங்கினோம்.

ஸ்டேஷனில் பனிமூட்டம். கடை வாசலில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது. இவர் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். நான் மட்டும் மேலே ஏறினேன். தங்கச்சி புருஷன், முகம் மழிக்காமல், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாருங்க?"

"உங்க மச்சானுக்குப் பக்கத்துக் காம்பரா. நீங்க சொல்லி அனுப்புன சேதி அவருக்குக் கேக்காமப் பண்ணுனவன்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. "கதை நல்லாருக்கு" என்றார் பின்னால் ஒருவர். "கூலிக்கு ஆளப் புடிச்சிக் கூட்டிட்டு வந்துட்டாருப்பா." நான் பையைத் திறந்து மணியை எடுத்தேன். கடை ரேடியோ அலமாரியில் இருந்தது. துக்க வீடென்று ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அதைப் போடச் சொன்னேன்.

"கருமாதி வீட்டுல ரேடியோவா?" என்று ஒரு பெண் அதட்டினாள்.

தங்கச்சி புருஷன் என்னையும், படிக்குக் கீழே நின்ற மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய்த் துணியை எடுத்தார்.

அதே பகல் நேரம். அதே அறிவித்தல். கம்பியை அங்கேயும் கூரைத் தகரத்தில் முறுக்கிவிட்டுக் கட்டையை அழுத்தினேன். ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் அப்படியே அறுந்தது. கடைக்குள் இரைச்சல் மட்டும். விட்டேன். குரல் வந்தது. இன்னொரு தடவை அழுத்தப் போனேன், விரல் போகவில்லை. அதுவும் யாரோ ஒருவருடைய தங்கச்சியாக இருக்கும். கையை எடுத்துவிட்டேன்.

"அன்னிக்கு அறிவித்தல் முடியிற வரைக்குமா இப்புடி?" என்று கேட்டார் தங்கச்சி புருஷன்.

"ஆமாங்க. பத்து நிமிஷம். ஒரு பெழ இல்லாமத் தட்டுனேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். பிறகு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். படி இறங்கி மச்சானின் கையைப் பிடித்தார். "உள்ள வாங்க மச்சான். கோடியக் கொண்டாங்க. அவ வழி பாத்துக்கிட்டே இருந்தா" என்றார். அப்போதுதான் அந்தப் பெரிய மனுஷன் வாய்விட்டு அழுததை நான் பார்த்தேன். அவரே நூலை அவிழ்த்தார். பச்சைக் கரை போட்ட சேலை. அதை விளக்குக்கு முன்னால் விரித்து வைத்தார்கள்.

கடைசியில் எனக்கும் இலை போட்டார்கள். தங்கச்சி புருஷனே வந்து பரிமாறினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போட்டார். நான் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் தகரத்திலிருந்து கம்பியை அவிழ்த்தேன். மணியைக் கட்டி வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு சாயந்தரம் அவரே கேட்டார். "என்ன தம்பி, மரங்கொத்தி பறந்துருச்சா? பரீட்ச எழுதலியா?" அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரிக்க முடியாமல் நான் தலைகுனிந்தேன். அன்றிலிருந்து தட்டுவதற்கு முன்னால் சுவரில் இரண்டு தடவை தட்டிக் கேட்பேன். அவரும் இரண்டு தட்டினால் தட்டலாம். ஒன்று தட்டினால் கூடாது. அந்தப் பாஷையில் எங்களுக்குள் இதுவரை ஒரு பிழை வந்ததில்லை.

லைசன்ஸ் வாங்கினேனா என்று கேட்பீர்கள். விண்ணப்பத் தாளை வரவழைத்தேன். நீ எந்த நாட்டுப் பிரஜை என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இந்தியா, இலங்கை இரண்டுமே தன் பிரஜை இல்லை என்று சொல்கிற எங்கள் ஆட்களுக்கு அந்த இடத்தில் புள்ளி வைப்பதா கோடு போடுவதா என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. தாள் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. நான் கேட்கிறதோடு நிற்கிறேன். ஒரு பழைய ரேடியோவில் காதை வைத்து, எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அட்டை போன அந்தப் புத்தகத்தை இப்போது ஓரளவு வாசிக்க முடிகிறது. அன்றைக்கு எனக்குப் புரியாமல் போன பக்கத்தில், கட்டையைத் தொடுவதற்கு முன் முதலில் காது கொடுத்துக் கேள் என்றுதான் எழுதியிருக்கிறது. யாராவது கேட்கிறீர்களா என்று நான் உலகத்தைக் கூப்பிட்ட அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு உண்மையாகவே ஒருவர் பதில் சொன்னார். அவர் ஒரு முழம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால், நான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.